நீ திரும்ப வைத்த சீஸ் துண்டு

சவர்க்காரம் போட்டுக் கழுவியும் விரலில் மணம் போகவில்லை. உனக்குத் தெரிந்த மணம்தான். நீலத் தகரப் பேணியின் மூடியில் கத்தி இறங்கியதும் முதலில் வருமே, பாலும் உப்பும் தகரமும் கலந்த மணம், அது. இன்று வெள்ளிக்கிழமை. உன் வீட்டுக்கு விளக்கேற்றப் போனேன். போன இடத்தில் சீஸ் பேணியைத் திறந்தேன். திறந்ததோடு நின்றேனா என்றால் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உன்னை நன்றாக ஏச வேண்டியிருக்கிறது.

செத்தவர்களை ஏசக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது ஏசினால் நீ சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவாய். இப்போது போக இடமில்லை. கேள்.

உன் அப்பா கப்பலில் வேலை செய்தவர். அவர் பருத்தித்துறைக்கு வந்து இறங்கினால் நம் ஒழுங்கையில் கடைசி வீடு வரைக்கும் வாசனைச் சவர்க்காரம் மணக்கும். பெட்டியைத் திறந்தால் சேலை, குடை, பவுடர், அடியில் வரிசையாக நீலப் பேணிகள். உன் அம்மா ஒரு பேணியைத் திறக்க விட்டு, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய், அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "உது மச்சம் மாதிரி மணக்குது. என்ரை குசினிக்கை கொண்டு வரப்படாது." மச்சம் என்றால் மீனும் இறைச்சியும். வெள்ளிக்கிழமைகளில் அது உங்கள் சமையலறை என்ன, வாசலையே தாண்டாது. பாலில் செய்ததுதான் என்று உன் அப்பா சொல்லிப் பார்த்தார். பால் என்றால் ஏன் மஞ்சளாக இருக்கிறது, ஏன் இப்படி மணக்கிறது என்று அம்மா கேட்டார். கடலில் புயலைக் கண்ட மனிதர் பேணிகளை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு எழுந்தார். பேணிகள் எல்லாம் விறகுக் கொட்டிலுக்குப் போயின.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, கோயிலில் பூசிய திருநீறு நெற்றியில் இருக்க, நீ விறகுக் குவியலில் ஏறினாய். நான் கீழே நின்று வாசலைக் காவல் பார்த்தேன்.

"எடியே, இண்டைக்கு வெள்ளியெல்லோ."

"வெள்ளிக்கிழமையிலை மாடு பால் தாறேல்லையோ?" என்று மேலே இருந்து கேட்டாய். "அந்தப் பாலை நீ குடிக்கிறேல்லையோ? பேசாமல் பேணியைப் பிடி."

பேணியை இரண்டு பக்கமும் வெட்டி, அடித் தகரத்தைப் பெருவிரலால் தள்ளினால் சீஸ் முழுதாக வெளியே வரும் என்பதும், மூடியில் உள்ள வளையங்கள் அதன் முகத்திலும் பதிந்திருக்கும் என்பதும் அந்தக் கொட்டிலில் கண்டவைதான். கத்தி போட்டால் ஒட்டிக்கொண்டு உதிர்ந்தது. நீ போய் உன் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து வந்தாய். நூலின் இரண்டு முனையையும் விரல்களில் சுற்றி, இழுத்துப் பிடித்து, மேலிருந்து கீழே ஒரே இழுவை. துண்டு சரிந்து விழுந்தது. எப்போதும் இரண்டு துண்டுதான், உனக்கொன்று எனக்கொன்று. கதலி வாழைப்பழத்தோடு சேர்த்துத்தான் கடிக்க வேண்டும் என்பது உன் சட்டம். வெறும் சீஸைக் கடித்தால் என் கையிலிருந்து பறித்துவிடுவாய்.

ஒருநாள் பிடிபட்டோம். உன் அம்மா கொட்டில் வாசலில் நின்று "என்னடி தின்னுறாய்?" என்று கேட்டபோது நான் என் துண்டை விறகுக்குள் எறிந்துவிட்டு அழத் தொடங்கினேன். நீ வாயில் சீஸோடு நிமிர்ந்து பார்த்து "சீஸ் தின்னுறன்" என்றாய். அடி விழுந்தது. அடி விழ விழ மென்றாய். மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டாய். அப்போது நீ கையில் இருந்ததைத் திரும்ப வைக்கவில்லை. அந்தப் பிள்ளை எங்கே போனாள் என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எனக்குத் தெரியும், எங்கே தொடங்கியது என்று. நீ கலியாணம் முடித்து அளவெட்டிக்குப் போனாய். எனக்கும் அந்தப் பக்கத் தபால் கந்தோருக்கு மாற்றம் கிடைத்து, உன் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தேன். உன் மகன் அங்கேதான் பிறந்தான். பிறகு சண்டையில் பாதைகள் பூட்டுப்பட்டன. சீனியும் சவர்க்காரமும் கூடக் கண்ணால் காணக் கிடைக்காத காலம். கொழும்பில் அகப்பட்டிருந்த உன் கணவர் யாரோ வந்தவரிடம் ஒரு நீலப் பேணி கொடுத்துவிட்டார். நீ அதைத் திறக்கவில்லை. அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாய். அவர் வந்தால் எல்லோரும் சேர்ந்து தின்போம் என்றாய். நான் பேணியைத் தொட்டால் கையில் தட்டினாய்.

எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட வேண்டி வந்த அன்று நீ எடுத்த பைக்குள் மகனின் உடுப்பும் அந்தப் பேணியும்தான் இருந்தன. சேலைகூட மாற்றுக்கு எடுக்கவில்லை. நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் நெரிபட்டு, மழையில் ஊறி, சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் போய் விழுந்தோம். பிள்ளைக்குக் காய்ச்சல். கஞ்சி கொடுத்தால் துப்பினான். பிஸ்கட் கொடுத்தால் முகத்தைத் திருப்பினான். நீ யாரிடமோ கொடுவாக்கத்தி இரவல் வாங்கிப் பேணியை வெட்டினாய். சேலைக் கரையிலிருந்து நூல் ஒன்றை இழுத்து எடுத்து, பழைய மாதிரியே சுற்றிப் பிடித்து அறுத்தாய். ஒரு துண்டு அவனுக்கு. அவன் சப்பத் தொடங்கியதும் உன் முகம் எப்படி மலர்ந்தது என்று எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு துண்டு எனக்கு. மூன்றாவதை உனக்கு அறுத்தாய். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாய். பிறகு அதைப் பேணிக்குள் திரும்ப வைத்து, மூடித் தகரத்தால் அமத்தினாய்.

"தின்னடி" என்றேன்.

"காலமை அவனுக்கு வேணும். எனக்குப் பசிக்கேல்லை."

பச்சைப் பொய். முதல் நாளிலிருந்து நீ தேத்தண்ணீர் தவிர வேறொன்றும் குடிக்கவில்லை. பொய்யைச் சொல்லிவிட்டு, நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அந்த நூலை நாக்கால் வழித்தாய். பேணியில் மிச்சம் முழுவதும் அவன்தான் தின்றான். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளை பிழைத்தானே என்றுதான் இருந்தது. ஆனால் அன்றைக்கே உன்னை இரண்டு தட்டுத் தட்டித் தின்ன வைத்திருந்தால் இது இவ்வளவு தூரம் பழகிப்போயிருக்காது.

ஏனென்றால் அதற்குப் பிறகு நீ எல்லாவற்றையும் திரும்ப வைக்கத் தொடங்கினாய். மீன் குழம்பில் நடுத்துண்டை, கலியாண வீட்டில் தந்த கேக்கை, புதுச் சேலையை. கணவர் காலமானார், மகன் கனடாவுக்குப் போனான், நீ பருத்தித்துறை வீட்டுக்கே திரும்பி வந்தாய். வீட்டில் உன்னைத் தவிர ஆளில்லை. அப்போதும் வைத்தாய். யாருக்கடி வைத்தாய்?

உன் மகனைப் பற்றி ஊர் நல்லதுதான் சொல்கிறது. நானும் கெட்டவன் என்று சொல்லவில்லை. வீட்டைத் திருத்தினான், குளிர்சாதனப்பெட்டி வாங்கித் தந்தான், சமைக்க ஆள் வைத்தான். போன முறை வந்தபோது நடு அறைச் சுவரில் உன் கதிரைக்கு நேரே ஒரு கமராவைப் பூட்டிவிட்டுப் போனான். வெள்ளை நிறம், கைக்குள் அடங்கும் தேசிக்காய் அளவு, கீழே பொட்டுப் போல் ஒரு வெளிச்சம். அங்கே காலையில் வேலைக்கு வெளிக்கிடமுதல், நமக்குப் பின்னேரம் ஆகிற நேரத்தில், அவன் போனில் உன்னைப் பார்ப்பான். பார்ப்பது மட்டுமல்ல, அதற்குள்ளால் கதைக்கவும் செய்வான். முதல் தடவை சுவர் "அன்ரி, சுகமோ?" என்று கேட்டபோது நான் தேத்தண்ணீரைச் சேலையில் ஊற்றிக்கொண்டேன். நீ அரை மணித்தியாலம் சிரித்தாய்.

பிறகு சிரிப்பு நின்றது. நீ எழும்பி நடக்க முடியாமல் போனாய். சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்த டொக்டர், இளம் பெண், என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னாள். "இனி அவவுக்கு என்ன விருப்பமோ அதைக் குடுங்கோ. பத்தியம் பாத்து ஒண்டும் வரப்போறேல்லை." நான் வந்து உன்னிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். நீ யோசிக்கவேயில்லை.

"நீலப் பேணி சீஸ். கதலிப்பழத்தோடை."

இந்தக் காலத்தில் கடையில் சீஸ் கேட்டால் ஈயத்தாளில் சுற்றிய முக்கோணத்தைத் தருகிறார்கள். எனக்கு அது தேவையில்லை. பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடையொன்றின் மேல்தட்டில் அதைக் கண்டேன். அதே நீலம். கால் நோவோடு திரும்பி வந்து, இரண்டு பக்கமும் வெட்டி, தள்ளி எடுத்து, நூலால் அறுத்தேன். இரண்டு துண்டு. தட்டில் பழத்தோடு வைத்து உன் மடியில் தந்தேன். நீ எடுத்து மணந்தாய். கண்ணை மூடினாய். "கொட்டில் மணக்குதடி" என்றாய். துண்டு வாய்க்குக் கிட்டப் போய்விட்டது.

"அம்மா, அதென்ன கையிலை?"

சுவர் கேட்டது. நீ கண்ணைத் திறந்தாய்.

"ஒண்டுமில்லையப்பு. சும்மா ஒரு துண்டு சீஸ்."

"சீஸோ? அன்ரி, நான் உங்களுக்கு எத்தினை தரம் சொன்னனான். உப்பும் கொழுப்பும் குடுக்கப்படாது எண்டு. அவவுக்குப் பிரஷர், கொலஸ்ட்ரோல், எல்லாம் கிடக்கு."

"தம்பி, டொக்டர் சொன்னவ, விருப்பமானதைக் குடுக்கச் சொல்லி" என்றேன். சுவரைப் பார்த்துக் கையை ஆட்டி வாதாடுகிற விசரி போல நின்றேன்.

"உங்கை அப்பிடித்தான் சொல்லுவினம். நான் இஞ்சை விசாரிச்சனான். தயவுசெய்து குடுக்காதேங்கோ அன்ரி."

அவன் கத்தவில்லை. அழுகிற குரலில்தான் சொன்னான். நான் உன்னைப் பார்த்தேன். நீ ஒரு சொல் சொல்லுவாய் என்று பார்த்தேன். அடி வாங்கிக்கொண்டு மென்றவள் அல்லவா? "தின்னுறன்டா, உன்ரை வேலையைப் பார்" என்று சொல்ல உனக்கு என்ன குறைச்சல்? நீ அந்தத் துண்டைத் தட்டில் திரும்ப வைத்தாய். வைத்துவிட்டு, தட்டை என் பக்கம் தள்ளினாய். கமராவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாய்.

எனக்குக் கொதி உச்சியில் ஏறியது. ஆனாலும் விடவில்லை. அடுத்த நாள் வந்தவுடன் கொடியில் கிடந்த துவாயை எடுத்துக் கமராவுக்கு மேல் போட்டேன். "இப்ப தின்" என்று தட்டை நீட்டினேன்.

"துவாயை எடடி."

"முதல் நீ தின். பேந்து எடுக்கிறன்."

"எடு எண்டு சொல்லுறன். அவன் பாக்கிற நேரம் வருது. காணாட்டி ஏங்கிப்போவான்."

"ரெண்டு நிமிசம் காணாட்டி அவன் செத்துப்போக மாட்டான்."

நீ அப்போது என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறியிருப்பேன். மெதுவாகச் சொன்னாய். "அவன் என்னைப் பாக்கிறது உதாலை மட்டும்தான். அதையும் மூடிப்போட்டு நான் சீஸ் தின்னட்டோ?"

துவாயை எடுத்தேன். தட்டைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டு, உனக்குத் தெரியாமல் சுவரோடு நின்று அழுதேன். கோபத்தில் வந்த அழுகை அது, பாவம் பார்த்து வந்ததல்ல. ஒரு மனுசி கடைசியாகக் கேட்ட ஒன்று, கையெட்டும் தூரத்தில், தட்டில் இருந்தது. அதைத் தடுத்தவன் உன்னில் உயிரையே வைத்திருக்கிறான். அதற்குக் கட்டுப்பட்டவள் நீ. நான் யாரோடு போய்ச் சண்டை பிடிப்பது?

அடுத்த வாரம் நீ போய்விட்டாய். சீஸ் பிரிட்ஜில் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதை எடுத்து எறிந்தது நான்தான்.

அவன் ஓடி வந்தான். கொள்ளி வைத்தான். விழுந்து புரண்டு அழுதான். எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்று, உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தார்கள். வாழையிலையில் விளைமீன் பொரியல், நண்டுக் குழம்பு, பால்புட்டு. நடுவில், எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு நீலப் பேணி. கனடாவிலிருந்து கொண்டு வந்திருந்தான். "அம்மாவுக்குச் சீஸ் எண்டால் உயிர்" என்று வந்தவர்களுக்கு அவனே சொன்னான். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். இப்படிப் பாசமான பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று ஒரு கிழவர் என்னிடமே கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இலையைப் பார்த்தேன். பேணி மூடியிருந்தது.

"தம்பி, திறந்தெல்லோ வைக்க வேணும். கொம்மா எப்பிடித் தின்னுறது?"

"அப்பிடியே இருக்கட்டும் அன்ரி. படத்திலை வடிவாய்த் தெரியும்" என்றான். இலையைப் படம் எடுத்து அங்கேயுள்ளவர்களுக்கு அனுப்பினான். அனுப்பிவிட்டு அந்தப் பேணியை ஒருதரம் தடவினான், அதையும் கண்டேன். கண்டதால் வாயில் வந்ததை விழுங்கினேன். மற்றச் சாப்பாடு எல்லாவற்றிலும் உன் பங்கை எடுத்து வெளியே வைத்தார்கள். பேணியை மட்டும் எடுத்துத் துடைத்து, சோகேஸில் உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். செத்த பிறகும் உனக்கு அது மூடித்தான் கிடைத்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து அவன் திரும்பிப் போகும்போது வீட்டைப் பூட்டித் திறப்பை என் கையில் தந்தான். வெள்ளிக்கிழமைகளில் விளக்குக் கொளுத்திவிடச் சொன்னான். கள்ளர் பயத்துக்குக் கமரா அப்படியே இருக்கட்டும் என்றான். வேலைக்காரப் பிள்ளையை நிறுத்திவிட்டான். வீட்டில் நீயும் இல்லை, யாரும் இல்லை. கமரா மட்டும் உன் வெறுங்கதிரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இன்று பின்னேரம் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினேன். சோகேஸில் அந்த நீலம் கண்ணில் குத்தியது. பேசாமல் போயிருக்கலாம். போகவில்லை. பேணியை எடுத்தேன். குசினிக்குள்ளேயே கொண்டுபோய் வெட்டினேன், வெள்ளிக்கிழமையில், உன் அம்மா படத்தில் பார்த்துக்கொண்டிருக்க. நூலால் இரண்டு துண்டு அறுத்தேன். வரும்போது கோயில் வாசலில் வாங்கிய கதலிப்பழத்தையும் தட்டில் வைத்தேன். வந்து உன் கதிரையில், கமராவுக்கு நேரே, நன்றாகச் சாய்ந்து இருந்தேன். வேண்டுமென்றுதான் இருந்தேன். அவன் பார்க்கிற நேரம். கேட்கட்டும், இன்றைக்கு என் வாயால் நல்ல பாட்டு வாங்கட்டும் என்று, சாவகச்சேரியில் தொடங்கி எட்டுச்செலவு வரைக்கும் ஒவ்வொன்றாக மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு துண்டைத் தூக்கினேன்.

"அன்ரி."

"என்ன தம்பி?"

"சீஸோ சாப்பிடுறியள்?"

"ஓம். கொம்மா தின்னாமல் விட்ட சீஸ்."

நான் அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் சொன்னான், அதே குரலில், உன்னோடு கதைத்த அந்தக் குரலில்.

"கனக்கச் சாப்பிடாதேங்கோ அன்ரி. உங்களுக்கும் பிரஷர் இருக்கெல்லோ."

எனக்குப் பிள்ளை குட்டி இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ போன பிறகு, அதைத் தின்னாதே, வெயிலில் போகாதே, மருந்து போட்டாயா என்று என்னைக் கேட்க இந்த ஊரில் ஒரு வாய் இல்லை. அடுக்கி வைத்த ஏச்செல்லாம் எங்கே போனதோ தெரியாது. என் கை கீழே இறங்கியது. நான் இறக்கவில்லையடி. அது தானாக இறங்கி, துண்டு தட்டில் முட்டும் வரைக்கும் போய்விட்டது.

அதைக் கண்டதும் கொதி வந்ததே, அப்படியொரு கொதி. அவனில், உன்னில், என் கையில். துண்டைத் தூக்கி வாயில் போட்டேன். பழத்தோடு சேர்த்துக் கடித்தேன். உன் துண்டையும் எடுத்துத் தின்றேன். "தின்னுறன் தம்பி, பார்" என்றேன். மென்று முடியும் வரைக்கும் அந்தச் சின்ன வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. துவாய் கொடியில்தான் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை.

உன்னில் கோபம் ஆறவில்லை. ஆறும் என்றும் நினைக்காதே. கையில் வந்ததைத் திரும்ப வைத்தவளை நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கை எப்படி இறங்கியது என்று இன்றைக்கு எனக்கும் தெரிந்துவிட்டது. மிச்சச் சீஸை ஈரத்துணியில் சுற்றி உன் பிரிட்ஜில் வைத்திருக்கிறேன். அடுத்த வெள்ளியும் பின்னேரம்தான் விளக்கேற்றப் போவேன், அவன் வேலைக்கு வெளிக்கிடமுதல்.